நாற்பது காரு நாட்டாரும் என் புருஷனும்

என் புருஷன் கென்னாவைப் போலக் கேள்வி கேட்டே உயிரை எடுக்கிற மனுஷன் நைலின் இரண்டு கரையிலும் கிடையாது. கல்லறைச் சுவரில் படம் எழுதுகிற வேலை அவருக்கு. எட்டு நாள் மலையில், இரண்டு நாள் வீட்டில். அந்த இரண்டு நாளும் மற்ற ஆண்பிள்ளைகள் பீரைக் குடித்துவிட்டு நிழலில் உருண்டு கிடப்பார்கள். இவர் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருவார்.

"தாகாரு, உங்க ஊர் ஆம்பளைங்க தாடிய நுனியில கூராக்குவாங்களா, இல்ல அப்படியே விட்டுடுவாங்களா?"

"மாவு பிசையறேன், கண்ணு தெரியலையா?"

"பிசைஞ்சுகிட்டே சொல்லேன்."

எங்கள் ஊர் என்று அவர் சொல்வது பாலைவனத்துக்கு வடக்கே இருக்கிற காரு நாட்டை. என் பெயருக்கே காரு நாட்டுக்காரி என்றுதான் அர்த்தம். சண்டையில் பிடித்த சனங்களோடு நானும் கப்பலில் வந்து இறங்கியபோது எனக்கு நாலு வயதோ ஐந்து வயதோ. எழுத்தர் பெயர் கேட்டாராம், நான் அழுதேனாம், அவர் இதையே எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு யாரும் வேறு பெயர் வைக்க மெனக்கெடவில்லை.

அப்போது கென்னாவிடம் ஒரு பெரிய சுவர் இருந்தது. அரண்மனை அதிகாரி ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்டிருந்த கல்லறை. காரு நாட்டார் நாற்பது பேர் ஜாடியும் குதிரையுமாக அரசருக்குக் காணிக்கை கொண்டுவருவதை அதில் எழுத வேண்டும். தலைமை ஓவியர் பாஷெது மாதிரியைக் கையில் கொடுத்துவிட்டார்.

"மஞ்சள் தோலு, கூர்த் தாடி, சுத்தின நீள அங்கி. முடிஞ்சுது. தெற்கத்தியான்னா கறுப்பு, காதுல வளையம். லிபியாக்காரன்னா பக்கக் குடுமி, தலையில இறகு. பாத்த உடனே வெளியூரான்னு தெரியணும். அவ்ளோதான் வேலை."

"நாப்பது பேருக்கும் ஒரே மூஞ்சியா? ஒருத்தியே பெத்தாளா அத்தனை பேரையும்?" என்று கேட்டாராம் என் புருஷன்.

"உனக்கென்னய்யா வந்துது? நீயா அவங்களுக்குப் பொண்ணு குடுக்கப் போற?"

"எடுத்திருக்கேனே!" என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

எனக்கு என்ன தெரியும்? கப்பல் ஆடியது தெரியும். யார் மடியிலோ வாந்தி எடுத்தது தெரியும். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கழுவித் துடைத்த பானைதான். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். என் முகத்தை அவர் ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. பார்வை எப்போதும் சுவரில். இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காக வாயைத் திறந்தபடி இருப்பார். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தோள்ல நீலக் கயித்தால முடிச்சு போடுவாங்க. மூணு முடிச்சு."

"எல்லாருமா?"

"பொண்ணு பொறந்தவங்க நாலு."

"அடேயப்பா!"

"துக்கத்துல இருக்கறவங்க தாடியில சிவப்பு நூல் கட்டுவாங்க."

நாற்பது பேரில் பதினொரு பேரைப் பெண்ணைப் பெற்றவர்களாக எழுதினார். இரண்டு பேருக்குத் துக்கம். சுவரைப் பார்க்க அக்கம்பக்கத்து ஓவியர்களெல்லாம் வந்து போனார்கள். "எல்லாம் என் பொண்டாட்டி சொன்னது" என்று அவர் தலைகால் தெரியாமல் பேசித் திரிந்தார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நிஜமான காரு நாட்டான் ஒருத்தன் வந்து பார்த்தால் என்ன ஆகும்? வேலை போவதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு இந்த மனுஷன் என் முகத்தில் முழிப்பாரா?

வந்தே விட்டான். அந்த அதிகாரியின் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவன், யபிலு என்று பெயர். சுவரைப் பார்த்துவிட்டு, இதைச் சொன்னவரைப் பார்க்க வேண்டும் என்றானாம். கென்னா அவனை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். ரொட்டியும் வெங்காயமும் வைத்தேன். அவன் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

"அக்கா, நான் இந்த நாட்டு மெம்பிஸ்ல பொறந்தவன். எங்கப்பாதான் காரு நாட்டுலேர்ந்து வந்தவர். அவரும் போய்ச் சேந்துட்டார். எனக்குப் போன மாசம் பொண்ணு பொறந்திருக்கு." இடுப்பிலிருந்து ஒரு நீலக் கயிற்றை உருவி என் முன்னால் நீட்டினான். "நாலு முடிச்சு எப்படிப் போடணும்னு சொல்லிக்குடுங்க."

கென்னா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சும்மா நாலு முடிச்சைப் போட்டு அனுப்பியிருக்கலாம். கயிறு கைக்கு வந்துவிட்டது, விரல்தான் ஓடவில்லை. பச்சைக் குழந்தைக்காகக் கேட்கிறவனை எப்படி ஏமாற்றுவது?

"தம்பி, அது பொய். நான் கட்டிவிட்ட கதை. எனக்கு அந்த ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

அவன் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"எங்கப்பாவும் இப்படித்தான் போல," என்றான் பிறகு. "அந்த ஊர்ல எங்க வீட்டு வாசல்ல ஆறு ஓடும்னு சொல்வார். மறுநாள் கேட்டா கடல்னு சொல்வார். குடிச்சிருக்கார்னு நெனச்சுக்குவேன்." கயிற்றை வாங்கிச் சுருட்டினான். "இருந்தாலும் கட்டிக்கறேன்க்கா. வேற எதுவும் இல்லையே."

அவன் போனதும் கென்னா வாசலிலேயே நின்றார்.

"நாப்பது பேரு, தாகாரு. வர்ணம் காஞ்சே போச்சு. ஏன்டி?"

"கேள்வி கேக்கறப்போதான் நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க. அதான்."

அவர் தூரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே மலைக்குப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறைக்கு வரவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறவன்தான் செய்தி சொன்னான். சுவரை அழித்துத் திரும்ப எழுதுகிறேன் என்று பாஷெதுவிடம் போய் நின்றாராம். பாஷெது வயிறு குலுங்கச் சிரித்தாராம். "உனக்குப் பைத்தியமா? எசமானுக்கு அந்த முடிச்சுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. பாத்தா வெளியூரான்னு தெரியுதில்ல? போய் அடுத்த சுவரைப் பாரு."

அதற்கடுத்த விடுமுறைக்கு வந்தார். வந்ததும் வராததுமாகச் சில்லை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"என்கிட்ட இனிமே பொய் இல்ல," என்றேன்.

"இது நம்ம சுவத்துக்கு."

ஊருக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் அவர் சொந்தமாகக் குடைந்த சின்னக் கல்லறை ஒன்று உண்டு. அந்தச் சுவரில் எப்படி எழுதுகிறாரோ அப்படியேதான் நான் காலாகாலத்துக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதை மாற்ற யாராலும் ஆகாது.

"உன்னை எப்படி எழுத?" என்று கேட்டார். "நம்ம ஊர்ச் சீமாட்டி மாதிரி வெள்ளை மடிப்பு அங்கியா, காருக்காரி மாதிரி அடுக்குப் பாவாடையா? யோசிச்சுச் சொல்லு. நிஜமாச் சொல்லு."

மடிப்பு அங்கி ஒரு நாளும் நான் போட்டதில்லை. அடுக்குப் பாவாடையை அவர் எழுதிய வேறொரு படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"இப்ப கட்டியிருக்கறத எழுதுங்க."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பழைய நார்த்துணி, மடியில் காலையில் கொட்டிய பருப்புக் கறை.

"கறையோடவா?"

"கறையோடதான்."