இரண்டாம் நாளும் இறங்காத காய்ச்சல்

மெத்தைக்காரருக்கு நாலு மாதமாக இருமல். முப்பது வருடம் பஞ்சோடு மல்லுக்கட்டியவர், "தூசிதான், சரியாயிடும்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூக்கு வழியாக நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் விட்டு, உள்ளே தண்ணீரால் கழுவி, அதைச் சோதனைக்கு எடுத்தார்கள்.

"சாயங்காலம் காய்ச்சல் வரலாம், மாத்திரை போட்டா இறங்கிடும். நாளைக்கும் இருந்தா, குளிர் நடுக்கினா, மூச்சு வாங்கினா உடனே வரணும்," என்றார் டாக்டர். அவர் பேசியது முழுக்க மனைவியிடம்தான். ஆளைப் பார்த்ததுமே டாக்டர் எடைபோட்டிருக்க வேண்டும்.

சாயங்காலமே காய்ச்சல் வந்தது. கூடவே கணவருடைய அக்காவின் போனும் வந்தது.

"சும்மா இருந்தவனுக்கு குழாய் விட்டு காய்ச்சலை வரவழைச்சிட்டியே!"

"சும்மா எங்க அண்ணி இருந்தாரு? இருமிக்கிட்டே இருந்தாரு," என்று போனை வைத்தாள்.

மறுநாள் மதியம் தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழு காட்டியது. "பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றவர், ஒரு விடுதிக்குக் கொடுக்க வேண்டிய மெத்தையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. நெற்றியைத் தொட்டால் அனலாய்க் கொதித்தது. பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில், பாதி காலி.

"வாயில ஐஸ் தண்ணிய வெச்சுக்கிட்டுதான் தெர்மாமீட்டரை வாங்கினீங்களா?"

"தாகமா இருந்துச்சு."

"உங்களுக்கு என்ன அஞ்சு வயசா?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கையிலிருந்த ஊசி நழுவியது. போர்வையைச் சுற்றி, அப்படியே ஆட்டோவில் ஏற்றினாள்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் சளிக்கட்டு. ஐந்து நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கிய அன்றே, கட்டிலின் மெத்தையைக் கிள்ளிப் பார்த்து, "தையல் சரியில்ல சிஸ்டர்," என்று நர்சிடம் குறை சொன்னார். மனைவி தலையிலடித்துக்கொண்டாள். விடுதிக்குப் போன் செய்தால், "அடுத்த மாசம் குடுத்தாப் போதும்" என்றார்கள்.

சோதனை முடிவு வந்தது. பயப்படும்படி எதுவுமில்லை, பஞ்சுத்தூசிதான் நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கிறது, இனி மாஸ்க் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார் டாக்டர். அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். நாலு மாதமாக யாரிடமும் சொல்லாத பயம். கால் மணி நேரம் அழுதாள்.

"நான்தான் சொன்னேனே, தூசின்னு," என்றார் அவர், அவள் திரும்பி வந்ததும்.

இப்போது மாஸ்க் போடுகிறார், தாடையில். "மேல ஏத்துங்க!" என்று அடுப்படியிலிருந்து அவள் கத்துவது தெருவுக்கே கேட்கிறது.