முறிகண்டியில் நிறுத்திய இயந்திரம்

சாந்திக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதற்குக் காரணம் நான். அவளுடைய தாய் லெட்சுமி காரணம் அல்ல.

இந்த மூன்று வரிகளை எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்! லெட்சுமி வந்துவிடுவாளோ என்ற பயம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தும் பயப்படுகிறேன்...

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஒரு பெண்பிள்ளையின் தகப்பன். என்னை நல்லவன் என்று ஊர் சொல்கிறது. எல்லோரையும் விட உரத்துச் சொல்பவள் லெட்சுமி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி கனடாவுக்குப் போகும்போது தன் காரை என்னிடம் விட்டுப் போனான். இரண்டே கதவு, பின்னால் ஒடுங்கிய ஓர் இருக்கை, நிலத்தைத் தொட்டபடி ஓடும் சிவப்பு வண்டி. வேகத்துக்கென்றே செய்தது. எண்ணெயையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் மற்றக் கார்களுக்கு ஒன்று என்றால் இதற்கு இரண்டு! எண்ணெய் தாராளமாகக் கிடைத்த நாட்களிலேயே அது குடிக்கும் குடியைப் பற்றித் தம்பி புலம்புவான்.

பிறகு போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வருவது நின்றுபோனது. எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடப் பழகினோம். அதற்கொரு முறை இருந்தது. ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி, காரின் முன்மூடியான பொனற்றுக்குள் தொங்கவிடுவோம். அது குழாய் வழியாகச் சொட்ட, இயந்திரம் உயிர்பெறும். சூடேறியதும் அந்தக் குழாயை மூடிவிட்டு மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவோம். ஆறிப்போன இயந்திரத்தை மண்ணெண்ணெயால் எழுப்ப முடியாது. ஆகவே வழியில் எங்கே நின்றாலும் இயந்திரத்தை நிறுத்தக்கூடாது. கடை வாசலிலும் செத்த வீட்டு வாசலிலும் வண்டிகள் இரைந்துகொண்டே நிற்கும். வன்னியில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விதி இது.

எனக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லவா...

பக்கத்து வளவுக் கனகசபை அண்ணை கிழட்டுக் கார் ஒன்று வைத்திருந்தார். என் காரைக் காணும்போதெல்லாம் அவருக்கு வாய் சும்மா இராது.

"என்ன மாஸ்ரர், இது காரோ, இல்லாட்டிக் கள்ளுத் தவறணையில இருந்து எழும்பி வந்ததோ? என்ர கிழவிக் கார் ஒரு கிழமை குடிக்கிறதை இது ஒரு பகலில குடிச்சு முடிக்குதே!"

"பொறுங்கோ அண்ணை, இதை நான் குடி மறக்கப் பண்ணிக் காட்டுறன்."

"ஓம், ஓம். முதல் என்ர மருமகனுக்குப் பண்ணிக் காட்டுங்கோ. பிறகு காரைப் பாப்பம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே பொனற்றைத் திறந்துவிட்டேன்.

இயந்திரத்தின் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கற் தகடு வைத்து அமுக்கத்தைக் குறைத்தேன். செப்புக் குழாயைப் புகைக்குழாயின் மேல் சுற்றி, மண்ணெண்ணெய் சூடாகிப் போகும்படி செய்தேன். இரண்டு காபரேற்றர்களையும் திருகித் திருகி எண்ணெயைக் குறைத்துக் காற்றைக் கூட்டினேன். கார் இருமியது, இடையிடையே வெடித்தது. ஆனாலும் முன்பு மாங்குளச் சந்திக்குப் போய்வரவே போதாத எண்ணெயில் இப்போது கிளிநொச்சிக்குப் போய்வந்தது! கனகசபை அண்ணையே வந்து பொனற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். அந்த மௌனம் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கும்போது வீணாக எரிகிறதே, அதையும் மிச்சம் பிடித்தால் என்ன என்று தோன்றியது. வீட்டு முற்றத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து மண்ணெண்ணெயிலேயே எழுப்பிப் பார்த்தேன். எழும்பியது! திரும்பவும் செய்தேன். திரும்பவும் எழும்பியது! நான் சுற்றிவைத்த செப்புக் குழாயின் வெற்றி என்று துள்ளினேன். அது சித்திரை வெயில் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அதன் பிறகு எங்கே நின்றாலும் என் கை தானாகவே சாவியைத் திருப்பிவிடும். சேலைன் போத்தலுக்குள்ளும் ஒரு தடவை எழுப்புவதற்கு வேண்டிய பெற்றோலை மட்டும் ஊற்றுவேன். மிச்சத்தை அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன்... நகை போல!

லெட்சுமியின் குடும்பம் கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் காடு வெட்டிக் குடியேறியது. கணவன் மலேரியாவில் போன பிறகு அவள் வயல் வேலை செய்து சாந்தியைப் படிப்பித்தாள். சாந்தியும் என் மகள் வாணியும் ஒரே வகுப்பு. பாடசாலை வலைப்பந்து அணியில் இருவரும் இருந்தார்கள். உயரமாகப் பாய்பவள் சாந்திதான்.

மார்கழி மழை நாள். வரம்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த சாந்தியைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. லெட்சுமி என் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். விஷத்துக்கு மருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. போத்தலில் இருந்த பெற்றோலில் கார் எழும்பியது. அலுமாரியைத் திறந்து மிச்சத்தையும் எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? அவசரமா? அல்லது என் கெட்டித்தனத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கையா?

பின் இருக்கையில் தாயின் மடியில் தலை வைத்துச் சாந்தி கிடந்தாள். கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

"மாமா, நாளைக்கு மட்ச் இருக்கு. எனக்குப் பதிலா வேற ஆளைப் போட வேண்டாமெண்டு வாணியிட்ட சொல்லுங்கோ."

"பேசாமப் படுடி. கால் இருக்கிற இருப்பில பந்து ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் லெட்சுமி. சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"கதைக்கட்டும் தங்கச்சி. நித்திரை கொள்ள மட்டும் விடாத" என்றேன்.

குழிகளில் காரின் அடிவயிறு உரச உரச ஓடினேன். முறிகண்டி வந்தது. அந்த வீதியால் போகிற எந்த வண்டியும் அங்கே நின்று பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை. வீட்டிலிருந்து ஓடிவரும்போதே லெட்சுமி ஒரு தேங்காயைக் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

"ஒரே நிமிஷம் மாஸ்டர். பிள்ளையாரத் தாண்டிப் போகக் கூடாதுங்க."

அவள் கேட்டிராவிட்டாலும் நான் நின்றிருப்பேன். இதைக் கவனியுங்கள், தயவு செய்து இதைக் கவனியுங்கள்! நின்றதில் பிழையில்லை. தேங்காய் உடைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அவள் இறங்கி ஓடினாள். என் கை சாவியைத் திருப்பியது.

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது... அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச எண்ணெய் மிச்சம் என்று உள்ளே எங்கோ ஒரு சிறிய திருப்தி! பின்னால் ஒரு பிள்ளை விஷம் ஏறிக் கிடக்கிறாள். எனக்குத் திருப்தி!

லெட்சுமி உடைத்த தேங்காய் அழுகல். வெளிறிய முகத்தோடு திரும்பி வந்து ஏறினாள். நான் சாவியைத் திருப்பினேன். இயந்திரம் ஒருமுறை இருமியது. பிறகு அதுவும் இல்லை. போத்தலைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. திருப்பித் திருப்பி பற்றரியும் ஓய்ந்தது. கச்சான் கடலை விற்கிறவர்கள் கடைகளை விட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினார்கள். சேறும் தண்ணீருமாகத் தள்ளினார்கள். மழையில் குளிர்ந்துபோன அந்தச் சிவப்புப் பிணம் அசைந்ததே தவிர எழும்பவில்லை.

கச்சான்காரி ஒருத்தி மூச்சு வாங்கக் கேட்டாள்: "மண்ணெண்ணெயில ஓடுற காரை ஏன் மாஸ்ரர் நூத்து நிப்பாட்டினீங்கள்?"

லெட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நூக்கேல்லை. அது தானா நிண்டிட்டுது."

இதுதான் நான் சொன்ன பொய். இவ்வளவுதான். இரண்டு சிறிய வசனங்கள்.

வெகுநேரம் கழித்து ஓர் உழவு இயந்திரம் வந்தது. அதன் பெட்டிக்குள், மழைக்குப் படங்குச் சீலையால் மூடிச் சாந்தியைக் கொண்டு போனோம். அது நடப்பது போல ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே..." என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! அதற்குள் லெட்சுமி அழுதுகொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"நாந்தாங்கய்யா கோயில்ல நிப்பாட்டச் சொன்னேன். கொண்டுபோன தேங்காயும் அழுகல். பிள்ளையாருக்குக் கோவம், வண்டிய அங்கேயே நிப்பாட்டிட்டாரு. எம்புள்ள காலுக்கு நாந்தான் எமன்!"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

உயிர் தப்பியது. காலை எடுத்தார்கள். எப்படியும் எடுத்திருப்பார்களோ? புடையன் கடி பொல்லாதது, நேரத்துக்குப் போனவர்களுக்கும் கால் அழுகியிருக்கிறது. இந்த வாதத்தை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சரி, கால் எப்படியும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாயின் தலையில் நான் ஏற்றிவிட்ட பாரம்? அதையும் புடையனா ஏற்றியது?

அதன் பின் நான் அந்தக் காரை ஓட்டவில்லை. இடம்பெயர்ந்தபோது மாட்டுக் கொட்டிலுக்குள் விட்டு வந்தேன். லெட்சுமியையும் சாந்தியையும் எங்களோடு கூட்டிக்கொண்டு போனோம். ஊர் அதையும் என் நல்ல குணத்தில் சேர்த்தது.

வாணி படலையைத் தாண்டி ஓடும் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். அவளுடைய இரண்டு கால்களையும் பார்த்த பிறகுதான் மூச்சு வருகிறது. சாந்தி ஊன்றுகோலோடு வந்து, "மாமா, நீங்கள் கொண்டு போகாட்டி நான் செத்திருப்பன்" என்று சிரிப்பாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். வாணி பக்கத்தில் நிற்பாள். கேட்டதும் என் மகளின் முகம் எப்படி மாறும்? நான் இல்லாத நேரத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? அந்தப் பயத்தில் விழுங்கிவிடுவேன்.

போன மாதம் சாந்தியின் பொய்க்காலைச் சரிபார்க்க வான் ஒன்று பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனோம். முறிகண்டியில் வான் நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தவில்லை. அது இரைந்துகொண்டே நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். லெட்சுமி இறங்கவில்லை. அந்த மழை நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கோயிலில் கால் வைத்ததே இல்லை. மடியிலிருந்த தேங்காயை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கும் சேத்து நீங்களே ஒடச்சிருங்க மாஸ்டர். நான் ஒடச்சா அவரு ஏத்துக்க மாட்டாரு."

வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்றபோது, திரும்பிப் போய்ச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். ஓங்கி அடித்தேன். சரிபாதியாகப் பிளந்தது. உள்ளே அப்படி ஒரு வெள்ளை!

திரும்பி வந்தேன். யன்னலுக்குள் இருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்புடி ஒடஞ்சிச்சு மாஸ்டர்?"

"நல்லா உடைஞ்சது தங்கச்சி."

அவள் கண்ணைத் துடைத்தாள். "உங்க மனசு அப்புடி மாஸ்டர். அதான்" என்றாள்.

நான் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையிலிருந்த தேங்காய்த் தண்ணீரின் ஈரம் காயவில்லை. வான் புறப்பட்டது.