அவள் "போதும்" என்ற மாலை

திருமணமாகி இரண்டு வருடம் ஆகியும், நான் தொட்டால் என் மனைவி ஸ்டெல்லாவின் உடம்பு விறைத்துவிடும். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு நாள், "என்னைப் புடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள்.

அதன் பிறகுதான் கிருஷ்ணகிரியில் ஒரு கிறிஸ்தவக் குடும்ப ஆலோசகரிடம் போனோம். பைபிள் வசனம் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னிடம், "அவங்களுக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க. ஆனா மூளை பயந்துச்சுன்னா உடம்பு தானா இறுகிடும். ஒரு மாசத்துக்குக் கையை மட்டும் புடிச்சிக்கிட்டு உக்காருங்க. அவங்க போதும்னு சொன்னா உடனே விட்டுடணும்" என்றார்.

அன்று மாலையே சோபாவில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். உள்ளங்கை வியர்த்திருந்தது. சிறிது நேரத்தில் "போதும்" என்றாள். எனக்கு மனம் சுருங்கியது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சொன்னதும் விட்டுட்டீங்களே" என்றாள். பெருமூச்சு விட்டாள், தோள்கள் தளர்ந்தன. பிறகு அவளே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்று அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. அவளை மாற்றும்படி இரண்டு வருடம் ஆண்டவரிடம் ஜெபித்தவன் நான். என்ன பயம் என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அவளும் சொல்கிறாள்.