நாள் தள்ளிப் போன வருஷம்

கறுப்பு எள்ளை வறுத்து, சூடு ஆறுவதற்குள் வெல்லத்தோடு சேர்த்து உரலில் இடிக்கும்போது எழும் வாசனை பண்டிகைக்கு முன்தினம் வந்தால் எந்தக் குழந்தைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருஷம் பொங்கல் முடிந்து வெகுநாளாகியும் எங்கள் அம்மா எள் இடித்துக்கொண்டே இருந்தாள். உருண்டை பிடித்து எனக்கு மட்டும் கொடுத்தாள். தம்பி கை நீட்டினால் தட்டிவிட்டு, "நீ துன்னு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியும், எங்கள் கிராமங்கள் அந்தப் பக்கமா சென்னைப் பக்கமா என்பது தீராமல் இழுத்துக்கொண்டிருந்ததால், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா சந்தைக்குப் போய்வந்தால் அந்தப் பேச்சோடுதான் திரும்புவார். பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பாடமும் சேர்ந்திருந்தது. நான் பெரியவளாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் கண்டு, வெறும் கஞ்சித்தண்ணீரில் கிடந்து, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, எலும்பும் தோலுமாக எழுந்த பிறகு, எனக்கு மாதாமாதம் வரவேண்டியது வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கொல்லைப்புறக் கொட்டகையில் தனித் தட்டும் தனிப் பாயுமாக உட்கார வேண்டாமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. எங்களோடு இருந்த அத்தை, நைனாவின் அக்கா, அம்மாவிடம் "நாள் தள்ளிப் போச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பரீட்சை தள்ளிப் போனதைக் கேட்டிருக்கிறேன், எல்லைத் தீர்ப்பு தள்ளிப் போவதைக் கேட்டிருக்கிறேன். நாள் எப்படித் தள்ளிப் போகும் என்று புரியவில்லை. "இனிமே பள்ளிக்கூடம் வேணாம்" என்றாள் அத்தை. ஏன் என்று கேட்டதற்கு, "முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும், சேலைக்குத்தான் சேதம்" என்றாள். நான் பாவாடைதானே கட்டுகிறேன், வழியில் முள்வேலியும் இல்லையே என்று குழம்பினேன். அதன்பிறகு என் புத்தகப்பை பரணுக்குப் போயிற்று. தண்ணீருக்குப் போனால்கூட அம்மா கூடவே வந்தாள். நைனா என்னை ஏறிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் செய்த தப்பு என்ன என்று யோசித்து யோசித்து, காய்ச்சலில் செத்துப்போகாமல் பிழைத்ததுதான் தப்போ என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

மாசி பிறந்ததும், திருப்பதிக்கு வேண்டுதல் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு அம்மா என்னைப் பஸ் ஏற்றினாள். இறங்கியதும் மலைப்பக்கம் திரும்பாமல், ஒரு லேடி டாக்டரின் வீட்டைத் தேடிப் போனோம். பெருமாளைச் சேவிக்காமல் ஏன் இங்கே என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தலை நரைக்கத் தொடங்கிய அந்த டாக்டரம்மா தெலுங்கும் தமிழுமாகப் பேசினார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு மெதுவான குரலில், பள்ளியிலோ வழியிலோ யாராவது என்னிடம் தப்பாக நடந்துகொண்டார்களா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. யார் என்று கேட்டார்.

"தெலுங்கு சார். எழுத்து சரியா வரலைன்னு முட்டியில அடிச்சாரு. பெஞ்சு மேல நிக்க வெச்சாரு."

அவர் என் விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தார். சோறு எவ்வளவு தின்கிறேன், ராத்திரி தூங்குகிறேனா, காய்ச்சல் எத்தனை நாள் அடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, "பயப்படொத்தம்மா, குழந்தைக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். வயசுக்கு வந்த புதிதில் ஓரிரு வருஷம் அது முன்னே பின்னேதான் வரும், உடம்புக்கு இன்னும் பழக்கம் ஆகவில்லை. போதாக்குறைக்குக் காய்ச்சல் இவளை உருக்கிவிட்டது. சோறில்லாத உடம்பும் பயந்த மனசும் மாதக்கணக்கைத் தள்ளிப்போடும் என்று விளக்கினார். அதை வரவழைக்கவென்று எள்ளும் கஷாயமும் கொடுக்க வேண்டாம், கீரையும் கேழ்வரகும் முட்டையும் கொடு, பள்ளிக்கு அனுப்பு, சதை பிடித்தால் தானே வரும் என்றார்.

அம்மா எழுந்துகொள்ளவில்லை. "வெறும் பட்டினி கிடந்தாலும் நின்னு போகுமா?" என்று கேட்டாள்.

"போகும்."

"அப்போ என் தங்கச்சிக்கும் அதேதானா?"

டாக்டரம்மாவுக்கு அம்மாவின் தங்கையைத் தெரியாது. எனக்கே அவளைப் பற்றி அதிகம் தெரியாது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில், வீட்டில் ஒருவேளை கூழுக்கே வழியில்லாதபோது, அவளை அவசரமாகக் காணிப்பாக்கத்தில், கோயிலண்டை தேங்காய் விற்கும் ஒரு வயதானவருக்கு இரண்டாம்தாரமாகக் கொடுத்தார்கள் என்றும், அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது என்றும் மட்டும் கேட்டிருந்தேன்.

அம்மா நகரி பஸ்ஸில் ஏறவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். வழியில் இறங்கி, வயல் வரப்போடு நடந்து, வெயில் தாழும் நேரத்தில் காணிப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். சின்னம்மா வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அம்மா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். சின்னம்மா கேட்டு முடித்து, என் தலையில் புதிதாக முளைத்திருந்த குட்டை முடியைக் கோதிக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துட்டுது அக்கா. நம்ம அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். பந்தல் போட்டாச்சு, வாயை மூடிக்கினு இருன்னாங்க."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எது வந்துவிட்டது, வந்தால் நல்லதா கெட்டதா, இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னம்மா எனக்குக் களி போட்டாள். தின்றேன்.

ஊர் திரும்பியதும் அம்மா தானே ஏறிப் பரணிலிருந்து பையை இறக்கினாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "என் பொண்ணு போவும்" என்றாள். அவள் அத்தையை எதிர்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன். வெயில் காலத்தில், நான் மறந்தே போயிருந்த ஒருநாள், அது தானாக வந்தது. எல்லைத் தகராறும் தீர்ந்து, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். நானும் ஒரு பிள்ளை உண்டாகி, என் வீட்டில் "நாள் தள்ளிப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்ன அன்றுதான், அந்த வருஷம் என்னை என்னவென்று நினைத்தார்கள் என்பது உறைத்தது.

இப்போது எங்கள் ஊரில் அந்தக் கொட்டகைகள் ஒன்றுகூட இல்லை. நான் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பும் இல்லை. போன மாதம் மகளோடு காணிப்பாக்கம் போயிருந்தேன். கோயில் பெரிதாகி, சின்னம்மா இருந்த தெரு வண்டிகள் நிறுத்தும் இடமாகிவிட்டது. அவள் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கார்களுக்கு நடுவே நின்று கொண்டிருந்தேன். யாரைத் தேடுகிறேன் என்று மகள் கேட்டாள். சின்னம்மாவின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருத்தி இருந்ததே அவளுக்குத் தெரியாது. வெயிலில் நின்றபடியே, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.