வரிசையின் கடைசி வண்டி

ஊர் பார்க்க வருகிறவர்களை நின்றபடி ஓட்டும் மின்வண்டிகளில் ஏற்றி, ஆற்றங்கரையிலிருந்து பழைய கோட்டைச்சுவர் வரை கூட்டிப்போய்த் திரும்புவதுதான் அந்தப் புருஷன் பெண்டாட்டியின் பிழைப்பு. வரிசைக்கு முன்னால் அவள், கடைசியில் அவர். அதனால் பக்கத்துக் கடைக்காரர்கள் அவளுக்குத் தலை என்றும் அவருக்கு வால் என்றும் பேர் வைத்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனுஷனை வால் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அவருக்கு வராது.

அந்த வண்டிக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. ரெண்டு சக்கரம், நடுவில் ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், கம்பைச் சாய்த்த பக்கம் திரும்பும். தானே சமன் செய்துகொள்ளும் வண்டி என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பித்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தலைமையாசிரியர் வந்தார். வழியில் சார்ஜ் குறைந்ததும் வண்டி பலகையை நிமிர்த்தி அவரைப் பின்னுக்குத் தள்ளியது, வேகத்தைக் குறை என்று அதற்குத் தெரிந்த பாஷையில் சொன்னது. ஊருக்கே உபதேசம் செய்கிறவர் ஒரு வண்டி சொல்லியா கேட்பார்? இன்னும் முன்னால் சாய்ந்தார். மணிக்கட்டு போயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி அவள் புருஷன் சொன்னதுதான் சட்டமாயிற்று.

"ஓட்டத் தெரிஞ்சா போதாது, நிக்கத் தெரியணும். பத்து எண்ணுற வரைக்கும் ஒரே இடத்துல அசையாம நிக்காத ஆளு ரோட்டுக்கு வரக்கூடாது. அது யாரா இருந்தாலும் சரி. தாட்சண்யம் பாத்தா அப்புறம் தைலம்தான் தேய்க்கணும்."

அன்றிலிருந்து வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தளத்தில் எல்லோருக்கும் பரீட்சை. தோற்றவர்களை நடத்தியே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஒருமுறை கோட்டும் சூட்டுமாக வந்த புதுமாப்பிள்ளை தோற்றுப்போனார். பெண் ஜோராக வண்டியில் போக, அவர் பின்னாலேயே மூச்சிரைக்க நடந்து வந்தார். கல்யாணம் என்றால் என்னவென்று அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும்.

என்ன நாட்கள் அவை! அவள் கம்பில் ஒரு வட்டக் கண்ணாடி கட்டியிருப்பாள். அதில் கட்டைவிரல் அளவுக்கு அவர் தெரிவார். ரோட்டைக் கடந்து கடைசி ஆளும் வந்து சேர்ந்ததும் ஒரு விசில் கொடுப்பார். அது கேட்டபிறகுதான் அவள் நகருவாள். காலையில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த நாளில் விசில் கொஞ்சம் நீளமாக வரும். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. பின்னால் ஒருத்தர் இருக்கிறார் என்ற தைரியத்தில் அத்தனை வருஷம் திரும்பிப் பார்க்காமலே ஓட்டினாள். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காதுக்குள் கோளாறு வந்தது. படுத்தால் கூரை சுற்றியது, எழுந்தால் தரை சுற்றியது. மருந்தில் சுற்றல் நின்றது. ஆனால் இழந்த நிதானம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மனுஷன் கேட்பாரா? ஒரு காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே ஹெல்மெட்டும் கையுமாகத் தளத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் பரீட்சை வை. பாஸானா இன்னைக்கே கடைசி வண்டி என்னோடது."

"இன்னும் ஒரு மாசம் போகட்டுமேங்க."

"ஒரு மாசமா கொட்டகையில உக்காந்து சார்ஜ் போட்டுக்கிட்டே இருக்கேன். இதுக்கு மேல முடியாது."

அவள் எதிரே போய் நின்றாள். அவர் ஏறினார். தளத்தின் கோடி வரை போய், வளைந்து, தண்ணீர் ஓடுகிற மாதிரி திரும்பி வந்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நேரே அவளைப் பார்த்தபடி நிறுத்தினார். அவள் எண்ண ஆரம்பித்தாள்.

"தெரியுமா, இத்தனை வருஷமா வேலையில உன் முதுகைத்தான் பாத்திருக்கேன்" என்றார். "முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறது இன்னைக்குத்தான்."

அவள் சிரித்துக்கொண்டே ஐந்து என்றாள். ஆறு என்னும்போது வண்டி மெல்ல இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. ஏழு, எட்டு. சக்கரங்கள் தளத்தின் பக்கவாட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டன. அவர் முகம் மட்டும் தோளுக்கு மேலாக இன்னும் அவள் பக்கமே இருந்தது.

"நேரா நிக்கறேன்ல?" என்றார்.

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அவள் நாக்கு வரை வந்தது. அன்றைக்கு வரப்போகிற ஆட்களை நினைத்தாள், இவரையும் நினைத்தாள்.

"இறங்குங்க" என்றாள்.

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு காலாகப் பின்பக்கமாக வைத்து, ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில் இறங்கினார். தோற்றவர்களிடம் சொல்கிற வார்த்தை அவளுக்கு மனப்பாடம், அதையே அவரிடமும் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நடந்தே சுத்திக் காட்டறோம்."

"அப்போ காட்டு" என்றார் அவர்.

அன்றைக்கு வந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு ரெண்டு பேரும் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தார்கள். பக்கத்தில் வருவார் என்று பார்த்தால் பத்தடி போவதற்குள் பின்தங்கினார். அவள் நின்றாள், அவரும் நின்றார்.

"ஏங்க, கூடத்தான் வாங்களேன்."

"யாராவது என் பின்னாடி வந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். எல்லாரும் கண்ணு முன்னாடி இருந்தாத்தான் நிம்மதி."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு இப்போ" என்றாள். "இன்னைக்கு நீங்க முன்னாடி போங்க."

அவர் முன்னால் போனார். அவர் முதுகை அவள் அப்படி நின்று பார்த்ததே இல்லை. சட்டை தொளதொளவென்று கிடந்தது. நாலு எட்டுக்கு ஒருமுறை இடப்பக்கம், தண்ணீர்ப் பக்கம், சாய்ந்து போனார். அது அவருக்குத் தெரியவில்லை. அவள் சத்தம் போடாமல் நடையை எட்டிப்போட்டு, அவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.