செல்வராசு அண்ணனுக்கு நான் ஊற்றாத டீ

செல்வராசு அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை அரியலூரில் டயாலிசிஸுக்குப் போனபோது சிஸ்டர்தான் சொன்னார். நேற்று காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்...

ஐம்பத்திரண்டு வயது. போகிற வயசா அது? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்கு எடை போடுகிற இடத்தில் வேலை பார்த்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கிட்னி போனது. புதனும் சனியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

புதன்கிழமை அவர் கேட்ட ஒரு டம்ளர் டீயை நான் கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் எனக்கு இன்று தூக்கம் வராது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

எங்களை மாதிரி ஆட்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் உள்ளே நுழைந்ததும் எடை மெஷினில் ஏற்றிவிடுவார்கள். யார் யார் அளவு மீறிக் குடித்தார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நான் போன புதிதில், வரதராஜன்பேட்டையில் ஒரு கல்யாணம். பாயசம், ரசம், ஜூஸ் என்று ஒன்றையும் விடவில்லை. மறுநாள் மூன்று கிலோ ஏறியிருந்தது. கட்டியிருந்த பட்டுப்புடவையைக் காட்டி, புடவை கனம் சார் என்று டெக்னீஷியனிடம் கூசாமல் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல். "எடையக் கூட்டிக் காட்ட லாரி கேபின்ல கிளீனரை ஒளிச்சு வச்சுக்கிட்டு வந்தவனையெல்லாம் பார்த்தவன்மா நான். புடவை மூணு கிலோவா?"

வார்டே சிரித்தது. இரண்டு வாரம் அந்த மனுஷனிடம் நான் பேசவில்லை.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தார். யார் வந்தாலும் "லோடு வண்டி வருது." நாலு மணி நேரம் கழித்து ஊசியைக் கழற்றிக்கொண்டு கிளம்பினால் "காலி வண்டி கிளம்புது."

ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோடு. போகிற லாரியைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து லோடா காலியா என்று சொல்வார். நானும் போட்டி போடுவேன். பாதிக்குப் பாதி எனக்குத் தப்பாகும். நாலு மணி நேரம் ஓடுவதே தெரியாது.

போன வருஷம் சித்திரை வெயிலில் ஒரு நாள், இனிமேல் டயாலிசிஸுக்கு நான் வரமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நிஜமாகத்தான் சொன்னேன். அந்தத் தாகம் உங்களுக்குப் புரியாது... நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் எனக்கு அளவு அரை டம்ளர் டீ. அந்த அரை டம்ளரைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். அன்று காலை அதைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

அண்ணன் புத்தி சொல்லவில்லை. அடுத்த முறை, போய்த்தான் பார்ப்போமே என்று போனால், பையிலிருந்து ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். குழந்தைக்குப் பால் ஊற்றிக் கொடுப்போமே, அந்த சைஸ். ஃப்ளாஸ்கைத் திறந்து விளிம்பு வரைக்கும் டீ ஊற்றினார்.

"அரை டம்ளர் குடிக்காத தங்கச்சி. இதுல நிறைய குடி."

அளவு என்னவோ அதே அளவுதான். ஆனால் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீ என் கையில் இருந்தது. எத்தனை மாசம் கழித்து... சிரிக்காதீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நாள் அவர் ஃப்ளாஸ்க், ஒரு நாள் என் ஃப்ளாஸ்க். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆளுக்கு ஒரு குட்டி டம்ளர். புதன், சனிக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள்.

இந்தப் புதன் என் முறை.

அண்ணனுக்கு நாலு கிலோ ஏறியிருந்தது. முகம் வீங்கி, பேசினாலே மூச்சு வாங்கியது. ஒரு டம்ளர் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். முடியாதுண்ணே என்றேன். அவர் எதையும் இரண்டாவது தடவை கேட்கிற ஆள் இல்லை. அன்று கேட்டார்.

நான் ஃப்ளாஸ்கை மூடித் தலையணைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்று லாரி விளையாட்டும் இல்லை.

கிளம்பும்போது மட்டும், "சனிக்கிழமை எனக்கு ரெண்டு ஊத்தணும், சொல்லிட்டேன்" என்றார்.

இன்று கூடுதலாகவே போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்...

டயாலிசிஸ் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் ரெட்டிபாளையம் போனேன். பஸ்ஸில்தான் அழுகை வந்தது. நேற்றே எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அருகில் போய் உட்கார்ந்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அண்ணன் இன்னொரு டீ கேட்டாரு அக்கா, நான் கொடுக்கல.

அக்கா என் ஊசி போட்ட கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"வூட்டுக்கு வந்ததும் உன் கதைதான். எடை மேடையில நம்மளை விடக் கறாரான ஆளு ஒருத்தி இருக்கா, தலையணைக்குப் பின்னால ஒளிச்சுட்டான்னு ஒரே சிரிப்பு. சாயங்காலம் நான் ஒண்ணு போட்டுக் குடுத்தேன். விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொன்னாரு. ஊத்துனேன்மா."

குடித்திருக்கிறார். அது போதும் எனக்கு.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. யார் கொடுத்தும் அக்கா நேற்றிலிருந்து எதுவும் குடிக்கவில்லை என்றார்கள். என் பையில் ஃப்ளாஸ்க் இருந்தது. டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. கூடவே வைத்திருந்த குட்டி டம்ளரில் தளும்ப ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அக்கா இரண்டு டம்ளர் குடித்தார் அண்ணே.

லோடு இறக்கியாச்சு. காலி வண்டியா, நிதானமா போங்க.