சர்க்கார் கூப்பிட்ட அக்கா

மைசூரில் சென்டரிங் மேஸ்திரி சின்னசாமியைத் தெரியாத கட்டடக்காரன் கிடையாது. அவர் மகள் நவ்யா, இதழியலில் எம்.ஏ. முடித்த கையோடு குடிநீர் ஆபீசில் முகநூல் பக்கத்தைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்தத் தெருவிலிருந்து சர்க்கார் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். சும்மாவா!

சேர்ந்த அன்றைக்கே விஜயநகர் பகுதியில் குழாய் உடைந்து தண்ணீர் நின்றது. வேறு யாராவது என்றால், முத்திரை குத்திய அறிக்கையைப் படமெடுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போயிருப்பார்கள். மேஸ்திரி மகள் என்றால் கொக்கா? திட்டி எழுதியவர்களுக்கெல்லாம் பேச்சுக் கன்னடத்திலேயே, "அக்கா, உங்க தெருவுக்கு லாரி கிளம்பிடுச்சு", "அண்ணா, சாயங்காலம் குழாய்ல வந்துடும்" என்று விரல் பறக்கப் பதில் போட்டாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலதிகாரி மஞ்சுநாத் பதறி ஓடிவந்தார். "ஏம்மா, சர்க்கார் யாரையாவது அக்கான்னு கூப்பிடுமா? எல்லாத்தையும் அழி! இல்லேன்னா நாளைக்கே உன்னை வேற செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்."

நவ்யா விடவில்லை. "சார், அந்த அக்காவே பதில் எழுதியிருக்காங்க, பாருங்க" என்று திரையைத் திருப்பினாள்.

"லாரி வந்துடுச்சு தங்கச்சி. கோபத்துல திட்டிட்டேன், மனசுல வெச்சுக்காதே. தெரு முழுக்க நானே சொல்லிட்டேன்."

மஞ்சுநாத் அதை இரண்டு தடவை படித்தார். "சரி, அக்கா இருக்கட்டும். கமிஷனருக்கு மட்டும் அண்ணான்னு போட்டுத் தொலைக்காதே!"

நவ்யாவுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. அடுத்த அண்ணன் தண்ணீர் கேட்டுக் காத்திருந்தார்.